சேர்க்கைப் பிரிவு

என் அண்ணிக்கு எல்லாவற்றுக்கும் பயம். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற பயம், அடுப்பை அணைத்தோமா என்கிற பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் கொடுத்த வேலையைப் பாருங்கள், நாள் முழுக்க போன் பேசுகிற வேலை. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவு. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளும் பெற்றவர்களும் என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று விசாரித்துக் கூப்பிடுவார்கள். எடுத்துப் பேசி, நம்ப வைத்து, எங்கள் பக்கம் இழுக்க வேண்டும். பெயரிலேயே சேர்க்கையும் இருக்கிறது, பிரிவும் இருக்கிறது, இதை வைத்தவனுக்குக் கண்டிப்பாகக் கரிநாக்குதான் என்று சேர்ந்த புதிதிலேயே கிண்டல் பண்ணினேன். வாயாடி, வாயை மூடு, யாராவது கேட்டுத் தொலைக்கப் போகிறார்கள் என்று அண்ணி என் தொடையில் கிள்ளினாள்.

வாயாடி நான்தான். அண்ணனுடைய ஒரே தங்கை. கட்டிக்கொண்டு போன இடத்தில் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது அண்ணன் வாசலிலேயே நின்று யோசித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டை எப்படி இறக்குவது என்று தெரியும், பாதியில் திரும்பி வந்த தங்கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணிதான் என் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். மகளின் அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டாள். அலுவலகத்தில் தன் பக்கத்து நாற்காலியிலேயே வேலையும் வாங்கித் தந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொள்வீர்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பட்டம் இருந்தது, அதே பல்கலைக்கழகத்தில் வாங்கியது. அண்ணிக்கு இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நின்றது படிப்பு. அப்புறம் கல்யாணம், அப்புறம் குழந்தை. படிப்பை விட்ட இடம் எது என்று தேடுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஆனால் குரல் இருந்தது. ஹெட்செட்டைக் காதில் மாட்டிவிட்டால் வேறு ஆள். "வணக்கம், சேர்க்கைப் பிரிவு, சொல்லுங்க" என்று ஆரம்பித்தால், கத்திக்கொண்டு வருகிற அப்பாக்கள்கூட இறங்கி வந்துவிடுவார்கள். அந்த வரி அவள் நாக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் மணி அடித்தாலும் அதுதான் வரும். ஒருநாள் பார்சல் கொண்டுவந்த ஆளுக்குக் கதவைத் திறந்து அதையே சொல்லியிருக்கிறாள். அந்த மனிதன் பயந்துபோய், எனக்குப் படிப்பு ஏறாதுங்க, கையெழுத்து மட்டும் போடுங்க என்றான். அதைச் சொல்லிச் சொல்லி நானும் அவள் மகளும் ஒரு வாரம் சிரித்தோம்.

எங்கள் தலைக்கு மேலே ஒரு பேராசிரியர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அதனால் சிரிப்பு சார். வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தவர். ஆன்லைன் பட்டம் என்று ஒன்று வந்தது. வீட்டில் இருந்தபடியே, வேலைக்குப் போய்க்கொண்டே, தோன்றுகிற நேரத்தில் படிக்கலாம் என்றார்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அவர் வகுப்பில் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் வகுப்பையே மூடினார்கள். மூடின வகுப்பின் வாத்தியாரைக் கொண்டுவந்து எங்களுக்குத் தலைவராகப் போட்டார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் நீயும் கிளம்பு என்று சொல்லாமல் சொன்ன மாதிரிதான்.

தினமும் காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசுவார். ஆன்லைன் பட்டத்துக்கு அவர் வைத்த பெயர் படுக்கைப் பட்டம். படுத்துக்கொண்டே வாங்குவதாம். யாராவது அந்தப் பக்கம் போகிறேன் என்று சொன்னால் வாதாடக் கூடாது, ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்பார். "அந்தப் பட்டத்தை வாங்கிட்டு எந்த வாசல்ல போய் நிப்பீங்க?" அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மீதியை அவர்கள் பயமே பார்த்துக்கொள்ளும். முடிக்கும்போது எப்போதும் ஒரே வரிதான், "ஆகட்டும். பேச்சைக் குறைங்க, வேலையைப் பாருங்க." பேசுவதுதான் எங்கள் வேலை என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை உறைக்கவே இல்லை.

அந்த வருடம் இரண்டு இடி சேர்ந்து விழுந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் போனில் ஆன்லைன் படிப்பின் ஆப் இருந்ததை யாரோ பார்த்துப் போட்டுக்கொடுத்தார்கள். அவள் தன் தம்பிக்காக விசாரித்தாளாம். மத்தியானம் அவளுடைய நாற்காலி காலி. உப்பைத் தின்றுவிட்டு எதிரிக்கு வேலை பார்க்கிறவர்கள் வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அடுத்ததாக ஓர் உத்தரவு. வரும் கல்வியாண்டிலிருந்து சேர்க்கைப் பிரிவில் பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் போன் எடுக்கலாம். பட்டம் இல்லாதவர்கள் பட்டத்தைப் பற்றிப் பேசினால் மதிப்பில்லையாம். அறையில் பட்டம் இல்லாத ஆள் அண்ணி ஒருத்திதான்.

அந்த வேலை போனால் அண்ணிக்கு வேறு வேலை கிடையாது. அந்த வயதில், பாதிப் படிப்போடு, யார் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்? பகலில் கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம் என்றால் பகலில்தான் அந்தக் கல்லூரிக்காகப் போன் பேசிக்கொண்டிருக்கிறாள். மிச்சம் இருந்தது ஒரே வழி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என் பக்கத்தில் வந்து, ஈரப் போர்வையை நடுவில் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள். படுக்கைப் பட்டத்தில் சேர்ந்துவிட்டாளாம். பழைய இரண்டு வருடத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதால் கடைசி வருடம் மட்டும் படித்தால் போதும்.

மாட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்றேன். பட்டம் கைக்கு வரும்வரைக்கும்தான் ஆபத்து, வந்துவிட்டால் சட்டப்படி செல்லும், அதற்கப்புறம் யாரும் ஒன்றும் பிடுங்க முடியாது என்றாள். பயந்தாங்கொள்ளி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஆப்பை எதில் போடுவது என்பதில் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றாள். அலுவலகத்தில் அவள் போன் எப்போதும் மேசைமேல் கிடக்கும், ஆப் இல்லாமல் பாடமும் வராது, தேர்வும் வராது.

"என் போன்ல போட்டுக்கோ அண்ணி. என் போனை யாரு பார்க்கப் போறாங்க?" என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த வருடம் அண்ணி படித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பஸ்ஸில் என் போனின் ஒரு இயர்போன் அவள் காதில், இன்னொன்று என் காதில், பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் பாட்டுக் கேட்கிற மாதிரி. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடம் கேட்பாள். காய் நறுக்கும்போது கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். அண்ணனுக்கு மட்டும் விஷயம் தெரியும், அவன் எதுவும் கேட்காமல் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தான், அதுவே பெரிய அதிசயம். படுக்கைப் பட்டம் என்றார் சார், அந்த வருடம் அவள் நிம்மதியாகப் படுத்ததை நான் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் பட்டம். தேர்வு எப்படி என்றால், கேமராவில் ஒரு கண்காணிப்பாளர் நம் முகத்தையும் அறையையும் பார்ப்பார். கேள்வி கேட்கிற தேர்வாளர் வேறு ஆள். முகம் பார்த்து மார்க் போடக் கூடாது என்பதற்காக அவருக்கு நம் குரல் மட்டும்தான் கேட்கும், பெயர் தெரியாது, எண் மட்டும் தெரியும். அவர் முகமும் நமக்குத் தெரியாது. ஹெட்செட் போடக் கூடாது, அதில் யாராவது விடை சொல்லித் தருவார்களாம். நாள் முழுக்க ஹெட்செட்டோடு இருக்கிறவளிடம் அதைக் கழற்றச் சொன்னால் எப்படி? வெறும் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

அன்று சனிக்கிழமை. வாசல் மணியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். மகளைத் தோழி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. நான் அறைக் கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றேன். கண்காணிப்பாளர் பெண் போனைச் சுற்றிக் காட்டு என்றாள், கட்டிலுக்கு அடியில் காட்டு என்றாள், அலமாரியைத் திற என்றாள். திறந்ததும் அண்ணனின் அழுக்குச் சட்டைகள் பொத்தென்று விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. சிரிப்பு வரவில்லை. அப்புறம் தேர்வாளர் இணைப்பில் வருகிறார் என்பதற்கு ஒரு மணி அடித்தது, அச்சு அசலாக எங்கள் அலுவலக மணி மாதிரியே.

"வணக்கம், சேர்க்கைப் பிரிவு, சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அந்தப் பக்கம் மூச்சு பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு அமைதி. மன்னிச்சுக்குங்க, பழக்கதோஷம் என்று அண்ணி திணறினாள். அதற்கப்புறம் தேர்வாளர் பேச ஆரம்பித்தார். கனத்த குரல், ஜலதோஷம் பிடித்த மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் அடித்தொண்டையிலிருந்து தோண்டி எடுத்தார். ஏதேதோ கேட்டார். அண்ணி தட்டுத் தடுமாறி, பிறகு பிடி கிடைத்து, சரளமாகவே சொன்னாள். கடைசிக் கேள்வி இது, உங்கள் வாடிக்கையாளர் போட்டிக் கம்பெனிக்குப் போகிறேன் என்றால் எப்படித் தடுப்பீர்கள்?

"புத்தகத்துல தரத்தை எடுத்துச் சொல்லணும்னு இருக்குங்க," என்றாள் அண்ணி. "ஆனா நடைமுறையில நாங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்போம். அதை வாங்கிட்டு எந்த வாசல்ல போய் நிப்பீங்கன்னு. அதுக்கு மேல அவங்களே பயந்துக்குவாங்க."

ஜலதோஷக் குரல் ஒருமுறை செருமியது. முடித்துவிடுகிற அவசரத்தில் அது தன்னை மறந்துவிட்டது.

"ஆகட்டும். பேச்சைக் குறைங்க, வேலையை..."

அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது.

நான் சுவரிலேயே சரிந்து உட்கார்ந்தேன். அண்ணி கதவைத் திறந்து வெளியே வந்தாள், பேயறைந்த மாதிரி இருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் பெயரைச் சொல்லவில்லை. காலையில் படுக்கைப் பட்டம் என்று திட்டுகிற மனிதர் சனிக்கிழமையில் அதே படுக்கைக்கு மார்க் போடுகிறார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆள் நம் கையில் மாட்டிக்கொண்டான், இனி அவன் வாயைத் திறக்க முடியாது என்று குதித்தேன். அண்ணி குதிக்கவில்லை. அவரும் நம்மை மாதிரி பயந்து நடுங்கிக்கொண்டு இருப்பார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள்.

திங்கட்கிழமை காலை சார் எங்களை நிற்க வைத்துப் பேசினார். படுக்கைப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. முடித்ததும் அந்த வழக்கமான வரியும் வரவில்லை, வெறுமனே கையைக் காட்டினார். அப்புறம் அண்ணியை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி வெளியே வந்து, என்ன பேசினார்கள் என்பதைக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள்.

"சனிக்கிழமை நான் ஊர்ல இல்ல. நீங்க?" என்றாராம் அவர்.

"நானும் இல்ல சார்."

"நல்லது."

தேர்வு முடிவு வந்தது, பாஸ். நல்ல மார்க்கும் போட்டிருந்தார், பாவி. பட்டச் சான்றிதழ் வர இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். ஒவ்வொரு நாளும் வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்ததும்தான் எங்களுக்கு மூச்சு வரும். ஆப்பை அழித்துவிடலாம் என்றேன், சான்றிதழ் அனுப்புகிற தகவல் அதில்தான் வரும், கொஞ்சம் பொறு என்றாள்.

அதற்குள் வந்தது சோதனை. விசாரிக்கிற பிள்ளைகளின் போன் நம்பர்களை எங்கள் அறையிலிருந்து யாரோ ஆன்லைன்காரர்களுக்குக் கடத்துகிறார்கள் என்று மேலிடத்தில் புகார். உண்மையோ பொய்யோ தெரியாது. நிர்வாக அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் போனைத் திறந்து மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். பார்க்கிற பொறுப்பு சிரிப்பு சாருக்கு. வரிசையாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணி போன் சுத்தம். அடுத்தது என் போன்.

அவர் விரல் ஆப்பின் மேல் நின்றது, தொட்டது. திறந்ததும் உள்ளே முதலில் வருவது அண்ணியின் படம், மாணவர் அட்டையில் இருக்கிற படம். அவர் அதைப் பார்த்தார். முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கே போனதோ. இது யாருடையது என்று சொன்னால் அண்ணி வாயைத் திறப்பாள், அண்ணி வாயைத் திறந்தால் அவர் கதை முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்ற அம்மாவுக்கு ஆப் இருப்பது தெரிந்துவிட்டது, படம் மட்டும் தெரியவில்லை; அவர் எட்டிப் பார்ப்பதற்குள் சார் ஆப்பை மூடினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இவங்கதான்," என்றார்.

அந்த அறையில் எதிரியின் பட்டத்தைக் கனவில்கூடத் தொடாதவள் நான் ஒருத்திதான். இந்தப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சிலேயே உட்கார்ந்து பட்டம் வாங்கினவள். உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அண்ணியைப் பார்த்தேன். பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், வாய் திறந்திருந்தது. நான் கண்ணால் சொன்னேன், வாயைத் திறக்காதே, உட்கார். அவள் மேசையில் போன் அடித்தது. அவள் உட்கார்ந்தாள். ஹெட்செட்டைச் சரி செய்தாள்.

"வணக்கம், சேர்க்கைப் பிரிவு, சொல்லுங்க."

குரல் நடுங்கவே இல்லை.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் அண்ணி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். நாளைக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொன்னால் இரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான், எனக்கு வேறு வேலை கிடைக்கும், உனக்குக் கிடைக்காது, சும்மா இரு என்றேன். சும்மா இருந்துவிட்டாள். சொன்னதும் நான்தான், கண்ணைக் காட்டினதும் நான்தான். ஆனாலும் அவள் ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்குக் கோபம் வருகிறது. இன்றைக்கும் வருகிறது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

சான்றிதழ் வந்தது. சட்டப்படி செல்லும், தலை நிமிர்ந்து கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று சொன்னவள், அதை உறையிலிருந்து எடுக்காமல் சார் கையில் கொடுத்தாள். அவர் யாருக்கும் காட்டாமல், பட்டம் உண்டு என்று மட்டும் குறித்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். எங்கே வாங்கினது என்று வெளியே தெரிந்தால், என் போனில் இருந்தது யாருடைய ஆப் என்ற கேள்வி வரும். வந்தால் இரண்டு பேர் கழுத்தும் சேர்ந்து போகும். சான்றிதழ் இப்போது அலமாரியில், அண்ணனின் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

எனக்கு வேலை கிடைத்தது. போன் பேசத் தெரிந்தவளை யார் வேண்டாம் என்பார்கள்? கொடுத்தது யார் என்கிறீர்கள், அந்த ஆன்லைன்காரர்கள்தான். இங்கேயும் ஒரு சார் இருக்கிறார், சிரித்துக்கொண்டே இருக்கிறவர். கல்லூரிப் படிப்புக்கு அவர் வைத்திருக்கிற பெயர் பெஞ்சு தேய்க்கிற படிப்பு. பெஞ்சைத் தேய்த்துப் பட்டம் வாங்கின நான் அதை மட்டம் தட்டுகிறேன். படுக்கைப் பட்டம் வாங்கின அண்ணி அதை மட்டம் தட்டுகிறாள். காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்புகிறோம், பஸ் நிறுத்தம்வரை ஒன்றாக நடக்கிறோம், அதற்கப்புறம் ஒரே பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம்.

போன வாரம் ஒரு தாயார் பேசினார். மகளை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறவர்.

"இப்பத்தான் பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு மேடம் பேசினாங்கம்மா. ரொம்பத் தன்மையாப் பேசினாங்க. உங்க பட்டத்தை வாங்கிட்டு எந்த வாசல்ல போய் நிப்பீங்கன்னு கேட்டாங்க. அதுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்களே சொல்லுங்க, அந்தப் பட்டத்தை வெச்சு வேலையில இருக்கிறவங்க ஒருத்தரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவளே அந்தப் பட்டத்தால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு சேர்க்கை கிடைக்கும், அந்தம்மாவின் பயமும் போகும், எனக்கும் நெஞ்சில் கிடப்பது இறங்கும். விசாரிச்சுச் சொல்றேன்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்துச் சீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தினமும் யாராவது அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நானோ வாயாடி. எனக்கு வேறு யாரைப் பார்த்தும் பயமில்லை, என் வாயை நினைத்தால்தான் குலை நடுங்குகிறது. அண்ணிக்கும் அது தெரியும். சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வந்து நின்று என் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

"இன்னைக்கு இல்ல அண்ணி," என்கிறேன்.

தலையை ஆட்டிவிட்டு, எனக்குப் பின்னால் போய்க் கதவைப் பூட்டுகிறாள். பூட்டினதை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறாள்.